யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்துக்கு மோட்டார் சைக்கிளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை விடுமுறை நெருங்கினாலும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கினாலும், கோண்டாவிலில் நான் பின்னேரங்களில் நிற்கும் கராஜுக்கு இந்தக் கேள்விகளும் வந்துவிடும். ஆள் மாறும், பைக் மாறும், கேள்வி மாறாது. கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் மலை ஏறுவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இறங்குவதைப் பற்றிக் கேட்கும் ஆட்கள் குறைவு. எனக்கு இறக்கம்தான் கவலை என்பதால் பதில்களில் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் போயிருக்கும்.

அண்ணை, என்ர நூறு சிசி பைக் நுவரெலியா ஏறுமோ?

ஏறும். தோட்டப்பகுதிகளில் நூறு சிசி பைக்கில் மரக்கறி மூட்டை கட்டிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிறார்கள். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர், நுவரெலியா 1868 மீற்றர். இந்த உயரத்தை 77 கிலோமீற்றர் பாதையில் மெல்ல மெல்ல ஏறுகிறீர்கள். தனி ஆளுக்கு மூன்றாம் கியர், பின்னால் ஒருவரும் பையும் இருந்தால் இரண்டாம் கியர். கியரைக் குறைக்க வெட்கப்படாதீர்கள். எஞ்சின் திணறித் திணறி இழுப்பதைவிட, குறைந்த கியரில் கொஞ்சம் சத்தத்தோடு சுற்றுவது அதற்கு நல்லது.

பைக்கின் சிசியைவிட அது இருக்கும் நிலைமைதான் முக்கியம். பராமரித்த நூறு சிசி, பராமரிக்காத இருநூற்றைம்பதைவிடப் பத்திரமாகப் போய்வரும்.

எத்தினை நாள் வேணும்? ஒரே இழுவையில போகலாமோ?

ஏ9 வீதி யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு 321 கிலோமீற்றர். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று போனால் ஒரு முழுப்பகல் அதற்கே போய்விடும். நுவரெலியாவையும் அதே நாளில் சேர்த்தால் மொத்தம் நானூறு வரும். ஏலாது என்று இல்லை. ஆனால் உடம்பு களைத்து, கை விறைத்து, இருட்டும் பனிமூட்டமும் சேரும் நேரத்தில், கண்டியிலிருந்து நுவரெலியா ஏறும் வழியில் உள்ள இறம்பொடை வளைவுகளில் நிற்பீர்கள். முதல் இரவு மாத்தளையிலோ கண்டியிலோ தங்குங்கள். போக, வர, அங்கே சுற்ற என்று நாலு நாள் இல்லாமல் வெளிக்கிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

விடியப்புறம் வெளிக்கிடுவது நல்லது, ஆனால் வெளிச்சம் வந்த பிறகு. பரந்தனுக்கும் வவுனியாவுக்கும் இடையில் இருட்டில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும், காட்டுப் பகுதிகளில் யானையும் கடக்கும். கறுத்த மாட்டைக் கறுத்த தாரில் உங்கள் லைற் கடைசி நிமிடத்தில்தான் காட்டும்.

எந்த மாசம் போனால் மழை இல்லை?

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைக்கும். ஹட்டன், கினிகத்தேனை, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் அதற்குள் வரும். அதே நேரம் மலையின் மறுபக்கத்தில் பதுளை, பண்டாரவளை, எல்ல காய்ந்து கிடக்கும், காற்று மட்டும் பலமாக அடிக்கும். மார்கழி, தையில் இது தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாப் பக்கமும் மழை, பின்னேர இடிமழையும் சேர்ந்துகொள்ளும்.

மாசி, பங்குனி எனக்குப் பிடித்த மாதங்கள். சித்திரையில் வானம் நன்றாக இருக்கும், ஆனால் நுவரெலியாவில் வசந்தகால விழாக் கூட்டமும் அறை வாடகையும் கழுத்தைப் பிடிக்கும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலையகத்தின் எத்தனையோ பாதைகள் அடைபட்டதும் உடைந்ததும் நினைவிருக்கும். மாதம் எதுவானாலும் வெளிக்கிடும் நாளில் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு எடுத்தும் கேட்கலாம்.

என்னென்ன கடுதாசி கொண்டு போக வேணும்?

சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி. மூன்றினதும் திகதியைப் பாருங்கள். அனுமதிப்பத்திரத்தில் எந்த வகுப்பு இருக்கிறது என்பதையும் பாருங்கள். நூறு சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு ஏ வகுப்பு வேண்டும், ஏ1 போதாது. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெற் சட்டப்படி கட்டாயம். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ஆகவே வரைபடம் காட்டும் நேரத்தைக் கார்க்கணக்கில் நம்பிவிடாதீர்கள்.

இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லாமல்தானே ஓடுது, அங்க மட்டும் ஏன் வரப்போகுது?

இங்கே பிரச்சினை தெரியாமல் இருப்பதற்குக் காரணம் யாழ்ப்பாணத்தின் தரை. குடாநாடு முழுக்கத் தட்டை. கிளச் பாதி தேய்ந்திருந்தாலும் தட்டை வீதியில் நழுவாது. பிரேக் சூ, அதாவது டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை, தேய்ந்து முடிந்திருந்தாலும் நாற்பதில் ஓடும் பைக் எப்படியோ நின்றுவிடும். நீண்ட ஏற்றமும் நீண்ட இறக்கமும் வந்தால் இந்த ஒளிந்திருந்த தேய்மானம் எல்லாம் ஒரே நாளில் வெளியே வரும்.

இன்னொன்று உப்புக்காற்று. கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த ஊரில் செயின், கம்பிச் சில்லின் கம்பிகள், பற்றரி முனைகள், வயர்களின் உள்கம்பி எல்லாம் மெதுவாகத் துரு பிடிக்கும். கிளச் வயரின் நுனியை, பிடியோடு சேரும் இடத்தில், ரப்பரை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு இழை அறுந்து முள்ளுப்போல நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வயர் மலையில் பத்தாவது வளைவில் அறுந்துபோகும். இங்கே மாற்றினால் அரைமணித்தியால வேலை.

போக முதல் கராஜில என்ன சொல்லிச் செய்விக்கிறது?

முதலில் எப்போது என்பதைச் சொல்கிறேன்: புறப்பட ஒரு கிழமைக்கு முன்னாவது. முதல்நாள் பின்னேரம் சேர்விஸ் செய்து விடியக் கிளம்புவது நம்மவர்களின் பழக்கம். கழற்றிப் பூட்டிய எதுவும் தளரலாம், புதிதாகப் போட்ட சாமான் பழுதாக இருக்கலாம். அது தெரியவர நூறு கிலோமீற்றராவது ஊருக்குள் ஓட வேண்டும்.

“ஃபுல் சேர்விஸ்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எஞ்சின் ஒயில் மாற்றச் சொல்லுங்கள். சின்ன பைக்குகளில் மொத்தமே ஏறக்குறைய ஒரு லீற்றர்தான், கால் லீற்றர் குறைந்தாலும் ஏற்றத்தில் சூடு கூடும். காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், செம்மண் புழுதி படிந்திருக்கும். முன்பின் பிரேக் இரண்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின் சில்லு டிரம் பிரேக் என்றால் நீங்களே பார்க்கலாம்: பிரேக்கை அமுக்கும்போது டிரம்மின் வெளியே உள்ள சின்ன அம்புக்குறி, உடலில் உள்ள கோட்டைத் தாண்டினால் சூ முடிந்தது. டிஸ்க் என்றால், தட்டை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பாட் என்ற கட்டையின் நடுவில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். கோடு மறைந்திருந்தால் மாற்றுங்கள்.

கிளச்சுக்கு ஒரு சோதனை. ரொப் கியரில் நாற்பதில் போகும்போது அக்ஸிலேற்றரை ஒரேயடியாகத் திருகுங்கள். சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் தட்டுகள் நழுவுகின்றன. இதை வைத்துக்கொண்டு இறம்பொடை ஏற முயற்சிக்க வேண்டாம்.

செயினுக்குப் பழைய எஞ்சின் ஒயில் ஊத்தினால் காணும்தானே?

காணாது. பழைய ஒயிலில் எஞ்சினிலிருந்து வந்த உலோகத்தூள் இருக்கும். அது செயினைத் தேய்க்கும், மிச்சம் பின் ரயரில் தெறிக்கும். வளைவில் சாயும்போது ரயரின் ஓரத்தில் ஒயில் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி, துடைத்து, காயவிட்டு, 90 கியர் ஒயில் போடுங்கள். ஓடி வந்தவுடன், செயின் சூடாக இருக்கும்போது போட்டால் உள்ளே இறங்கும். எஞ்சினை ஓடவிட்டுச் செயினில் துணி பிடிக்காதீர்கள். விரல் நுனி போன கதைகள் எல்லாக் கராஜிலும் உண்டு.

பெரும்பாலான பைக்குகளுக்குச் செயினின் தளர்வு 20 முதல் 30 மில்லிமீற்றர், உங்கள் கைநூலில் சரியான அளவு இருக்கும். சில்லைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், செயின் எல்லா இடத்திலும் ஒரேமாதிரித் தேயாது. மிக இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். பின் பல்லுச் சில்லின் பின்பக்கம் செயினைப் பிடித்து இழுக்கும்போது பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினையும் முன்பின் பல்லுச் சில்லுகளையும் செற்றாக மாற்றுங்கள்.

இறக்கத்தில நியூட்ரலில விட்டால் பெற்றோல் மிச்சம்தானே?

இந்தக் கேள்விக்காகவே இதை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். விடாதீர்கள். கியரில் இருக்கும்போது அக்ஸிலேற்றரை விட்டால் எஞ்சின் பைக்கை இழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும், முழுப் பாரத்தையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். லபுக்கலையிலிருந்து இறம்பொடைக்கும், எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கும், அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கும் இறங்கும்போது பிரேக்குக்கு ஆறுவதற்கு இடமே கிடைக்காது.

பெற்றோலும் மிச்சமாகாது. இன்ஜெக்‌ஷன் பைக்கில், கியரில் அக்ஸிலேற்றரை மூடி இறங்கும்போது பெற்றோல் முழுதாகவே நிறுத்தப்படும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க அது பெற்றோல் குடித்துக்கொண்டே இருக்கும். கார்பரேற்றர் பைக்கில் வித்தியாசம் மிகச் சிறியது.

ஒரு இடத்தை ஏற எந்தக் கியர் தேவையோ, இறங்கவும் அதே கியர். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள். நானுஓயா பக்கம் ரதல்ல குறுக்குப்பாதை இருக்கிறதே, 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வானுடனும் ஆட்டோவுடனும் மோதிப் பலர் இறந்த இறக்கம் அது. பைக் இலகுவானது என்பதால் அந்தச் சரிவு உங்களுக்குச் சலுகை தராது.

அப்ப பிரேக்கைத் தொடவே கூடாதோ?

தொடலாம், தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வேகம் கூடும்போது நன்றாகப் பிடித்துக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள், திரும்பக் கூடினால் திரும்பப் பிடியுங்கள். இடையில் காற்றுப்பட்டு ஆறும். மெல்லிசாக அமுக்கியபடியே இறங்கினால் டிரம்மும் சூவும் காய்ந்து, பிடி வழுக்கத் தொடங்கும். கருகிய மணம் வந்தால் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் பலர் பின் பிரேக்கை மட்டும் பாவிப்பார்கள். ஒழுங்கை மணலில் முன் பிரேக் பிடித்து விழுந்த அனுபவம் காரணம். மணலில் அது சரி. காய்ந்த தாரில், அதுவும் இறக்கத்தில், பாரம் முன்சில்லுக்குத்தான் வருகிறது. முன் பிரேக் இல்லாமல் பைக் நிற்காது. இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கை மெதுவாகத் தொடங்கி அமுக்கிப் பழகுங்கள்.

பிடி குறைகிறது என்று உணர்ந்தால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, அகலமான இடத்தில் மலைப்பக்கமாக நிறுத்தி, இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கிலோ டிரம்மிலோ தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

டிஸ்க் பிரேக் ஒயில் குறையேல்லை, பிறகேன் மாத்திறது?

அளவு குறையாமலே தரம் கெடும். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டொட் 4 என்ற தரத்துப் புதிய பிரேக் ஒயில் 230 பாகை செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும், பிடி கைப்பிடியைத் தொடும்வரை வரும், பைக் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து பாதி கிடந்த போத்தலில் இருந்து ஊற்ற விடாதீர்கள்.

கொண்டை ஊசி வளைவு எப்பிடி எடுக்கிறது? பஸ் வந்தால் என்ன செய்யிறது?

வேகத்தை வளைவுக்கு முன்னால், பைக் நிமிர்ந்து நிற்கும்போதே குறையுங்கள். கியரையும் அங்கேயே மாற்றுங்கள். வளைவுக்குள் போனபிறகு பார்வை முன்சில்லின் அடியில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். இடப்பக்கத்திலேயே நில்லுங்கள், ஆனால் ஓரத்துச் சரளைக்கல்லில் ஏறாதீர்கள். மரநிழலில் ஈரம் காயாது, பாசியும் டீசல் கசிவும் அங்கேதான் இருக்கும்.

பஸ் முழு வீதியையும் எடுத்துத்தான் திரும்பும், அதற்கு வேறு வழியில்லை. ஹோன் அடித்துவிட்டு, பதில் ஹோன் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் முன்னாலேயே நின்று வழிவிடுங்கள். ஏறும் வாகனத்துக்கு முதலிடம். மகியங்கனை வீதியின் 18 வளைவைப் படம்பிடிக்க ஆசை என்றால் பைக்கை நிறுத்திவிட்டுப் பிடியுங்கள்.

மேட்டில நிண்டு எடுக்கேக்க பைக் பின்னுக்குப் போகுது...

பழக யாழ்ப்பாணத்தில் மேடு இல்லை. கீரிமலையிலும் மலை இல்லை. வலக்காலால் பின் பிரேக்கை அமுக்கி, இடக்காலை ஊன்றி நில்லுங்கள். முதலாம் கியரில் கிளச்சை மெதுவாக விட, பைக் முன்னே இழுக்கப் பார்க்கும். அப்போது அக்ஸிலேற்றரைக் கூட்டிக்கொண்டே பிரேக்கை விடுங்கள். நிறுத்தும்போது முன்சில்லு மேட்டைப் பார்க்க, முதலாம் கியரில் விட்டு நிறுத்துங்கள். மழை மண்ணில் சைட் ஸ்ராண்ட் புதையும், அடியில் தட்டைக் கல் ஒன்று வையுங்கள்.

மேல போகப் போக இழுவை குறையுது, கார்பரேற்றரைத் திருப்பி விடவோ?

வேண்டாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறையப் பத்து வீதம் குறையும், பவரும் அந்தளவு குறையும். நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு போனதுபோல இருக்கும், அது நோய் அல்ல. இன்ஜெக்‌ஷன் பைக் தானே சரிசெய்துகொள்ளும். கார்பரேற்றரில் பெற்றோல் கலவை கொஞ்சம் கூடுதலாகி பிளக் கறுக்கலாம், துடைத்துப் போட்டால் சரி. அங்கே திருப்பினால் வவுனியா வெயிலில் திரும்பி வரும்போது கலவை குறைந்து எஞ்சின் சூடேறும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயிலேயே பைக் ஓட்டிய ஊர் இது. நாலு நாள் இழுவைக் குறைவைத் தாங்கலாம்.

விடிய ஸ்ரார்ட் ஆகுதில்லை. பனிமூட்டத்தில எந்த லைற்?

நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே போவதுண்டு. யாழ்ப்பாணத்தில் தொட்டுப் பார்த்திராத சோக்கை, குளிரில் ஸ்ரார்ட் ஆகப் பெற்றோல் கலவையைக் கூட்டும் பிடியை, இழுங்கள், ஸ்ரார்ட் ஆனதும் ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுங்கள். பலவீனமான பற்றரி குளிரில் கையை விரிக்கும். இரவு முழுக்க ஓடாமல் நின்ற பைக்கில் விடியப் பற்றரியை அளந்து, 12.4 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் ஊரிலேயே சார்ஜ் ஏற்றுங்கள் அல்லது மாற்றுங்கள்.

பனிமூட்டத்தில் லைற்றைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பிறகு பூட்டிய வெள்ளை எல்ஈடி லைற்றுகளும் அதே கதை, எதிரே வருபவரின் கண்ணையும் கெடுக்கும்.

தங்கச்சியின்ர ஸ்கூட்டரில போகலாமோ?

ஏற்றம் பிரச்சினையில்லை, ஆள் ஒன்று என்றால். இறக்கம்தான் சிக்கல். ஸ்கூட்டரில் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிக்க வழியில்லை. வேகம் மிகக் குறைந்தால் உள்ளே கிளச் விட்டுவிடும், பைக்கை நியூட்ரலில் விட்டதற்குச் சமம். அக்ஸிலேற்றரைச் சற்றே தொட்டால் திரும்பப் பிடிக்கும், ஆனால் கட்டுப்பாடு முழுக்கச் சின்ன டிரம் பிரேக்கில்தான் நிற்கும். தனியாக, அடிக்கடி நின்று ஆறவிட்டு இறங்கக்கூடியவர் போகலாம். இரண்டு பேரும் பையுமாக வேண்டாம். எஞ்சினிலிருந்து பின்சில்லைச் சுற்றும் பெல்ற் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

மலைக்கு ரயர் காத்தைக் குறைக்கிறதோ?

இல்லை. கைநூல் சொல்லும் அளவு, பின்னால் ஆள் இருந்தால் அதற்கான கூடிய அளவு. ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

மனிசியும் வாறா. பையை எங்க கட்டுறது?

பாரம் தாழவும் நடுவிலும் இருக்க வேண்டும். சீற்றின் இருபக்கமும் தொங்கும் பை நல்லது. பின் கரியரில் உயரமாகக் கட்டினால் ஏற்றத்தில் முன்சில்லு இலேசாகி ஹாண்டில் ஆடும். கட்டிய கயிற்றின் நுனி செயினுக்குள் போகாமல் பாருங்கள். சேலைத் தலைப்புக்கும் சால்வைக்கும் இதே எச்சரிக்கை. மழைக்கோட்டு மேல் கீழ் இரண்டாகப் பிரிந்தது எடுங்கள், போர்வை மாதிரி உள்ளது அப்புத்தளைக் காற்றில் முகத்தை மூடும்.

இடைவழியில நிண்டால்?

கிளச் வயர், அக்ஸிலேற்றர் வயர், பிளக், பியூஸ், செயின் பூட்டு, ரியூப் அல்லது ரியூப்லெஸ் பஞ்சர் செற், சின்னப் பம்ப், இவ்வளவையும் கையோடு கொண்டு போங்கள். புதிய கிளச் வயரைப் பழைய வயரின் பக்கத்திலேயே இழுத்து நுனியைச் சுற்றி விடுங்கள், அறுந்தால் மாற்றிக் கொழுவ ஐந்து நிமிடம். கம்பளை, புசல்லாவை, தலவாக்கலை, வெலிமடை போன்ற சின்ன நகரங்களிலும் திருத்துமிடம் இருக்கும், தமிழிலேயே கதைத்துக்கொள்ளலாம். ஆளுக்குக் காயம் என்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம்.

பின்னேரம் நாலரைக்கு நுவரெலியாவில நிக்கிறம், மழை தூறுது, கண்டியில அறை போட்டாச்சு. இறங்கவோ?

அறைக்காசை விடுங்கள். ஈரம், மூட்டம், இருட்டு, நீண்ட இறக்கம் நாலும் ஒரே நேரத்தில் சேரும் பயணம் இது. பிரேக் பற்றி மேலே சொன்னது எல்லாம் காய்ந்த வீதிக்கு. ஈரத்தில் நிற்கும் தூரம் இன்னும் கூடும். அங்கேயே தங்கி, விடிய மூட்டம் கலைந்ததும் இறங்குங்கள். எட்டுப் பேர் போன கூட்டத்தில் ஒருவர் தயங்கினால் எட்டுப் பேரும் நிற்க வேண்டும். அவரை விட்டுவிட்டுப் போகிற கூட்டத்தோடு நான் போவதில்லை.

கனடாவில இருந்து மச்சான் வாறார். மூண்டு வருசமா வீட்டில நிக்கிற பைக்கைக் குடுக்கலாமோ?

முதலில் மச்சானின் கடுதாசி. வெளிநாட்டு உரிமம் மட்டும் இங்கே செல்லாது. இலங்கையில் ஓட அனுமதி எடுத்திருக்க வேண்டும், அதில் மோட்டார் சைக்கிளும் இருக்க வேண்டும். கார் உரிமத்தோடு பைக் ஓடி விபத்தானால் காப்புறுதியும் கைவிடும்.

பைக்கை ஸ்ரார்ட் செய்து பார்க்க அவசரப்படாதீர்கள். பழைய பெற்றோலை ராங்கிலிருந்தும் கார்பரேற்றர் கிண்ணத்திலிருந்தும் வடித்துவிடுங்கள், பிசினாகியிருக்கும். ராங்கின் உள்ளே ரோச் அடித்துத் துரு பாருங்கள். காற்று வடிகட்டிப் பெட்டியில் எலி குடித்தனம் நடத்தியிருக்கலாம். ஒயில், பிரேக் ஒயில், பற்றரி மூன்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும். 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் பதினாலாம் கிழமையில் செய்தது. ரயரின் பட்டன், அதாவது வெட்டுத்தடம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய, பக்கத்தில் வெடிப்பு விழுந்த ரயரோடு மலைக்கு அனுப்ப மாட்டேன்.

பிறகு மச்சானைப் பருத்தித்துறைக்கு ஒருக்கா போய்வரச் சொல்லுங்கள். வந்ததும் ஒயில் கசிவு, தளர்ந்த நட், செயின் தளர்வு பாருங்கள். அடுத்த நாள் கிளிநொச்சிக்கு. இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் கண்டிக்கு அறை போடலாம்.